இருட்டினால் அணைந்துபோகும் அழைப்புமணி

நேற்று இரவு ஏழேகாலுக்கு, வாசல் குளிரில் நின்றுகொண்டு என் வீட்டு மணியை நானே அழுத்தினேன். உள்ளே கூடத்துச் சுவரில் இருக்கும் பழைய பெட்டி ‘டிங்’ என்றது. அரை நொடி கழித்து ‘டாங்’ என்றது. அடுக்களையிலிருந்து அம்மா “யாரது?” என்று குரல் கொடுத்தார். பழைய பொத்தானை எடுத்துவிட்டுக் கேமரா வைத்த வீடியோ மணியை மாட்டப் போய், இந்த ஒரு ‘டாங்’குக்கு நான்கு சனிக்கிழமைகள் செலவாகியிருக்கின்றன. அவற்றில் இரண்டையாவது என் அவசரபுத்தி தின்றது. நினைவு மங்குவதற்குள் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

வீடு நியூ ஜெர்சியில் இருக்கிறது, 1971-இல் கட்டியது. இங்கே அழைப்புமணி வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டில் நேரடியாக ஓடுவதில்லை. எங்கோ ஒரு மூலையில் உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அதை 16 வோல்ட்டாக இறக்குகிறது. அங்கிருந்து நூல்போன்ற கம்பிகள் கூடத்துப் பெட்டிக்கும், அதைத் தாண்டி வாசல் பொத்தானுக்கும் போகின்றன. பெட்டியின் மூடியைக் கழற்றினால் இரண்டு உலோகத் தகடுகள், நடுவே முன்வாசலுக்கு ஒன்றும் பின்வாசலுக்கு ஒன்றுமாகச் செம்புக் கம்பிச் சுருள்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நீளத்தில் ஒரு தண்டு. மின்சாரம் வந்ததும் முன்வாசல் தண்டு பாய்ந்து ஒரு தகட்டை அடிக்கும். நின்றதும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ள, மற்றத் தகட்டில் மோதும். டிங், டாங். ஐம்பது வருடமாக வேலை செய்கிற பொருள் அது. அதைக் கழற்றி எறிய எனக்கு மனமில்லை.

வீடியோ மணி வாங்கினால் கைபேசியிலேயே ஒலிக்கும், பெட்டி எதற்கு என்று கேட்கலாம். ஜூன் மாதத்திலிருந்து அம்மா எங்களோடு இருக்கிறார். அவருடைய கைபேசி எப்போதும் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவர் மாடியில் இருப்பார். பழைய பெட்டியின் சத்தம் மாடிக்கும் கேட்கும். பெட்டி ஒலித்தே ஆக வேண்டும் என்பது முதல் நாளே முடிவான விஷயம்.

முதல் சனிக்கிழமை. பழைய பொத்தானின் இரண்டு திருகுகளைக் கழற்றினேன். பின்னால் சிவப்பு, வெள்ளை என்று இரண்டு கம்பிகள். 20 கேஜ், ஒற்றை இழைச் செம்பு. இந்தக் கம்பிகளை விட்டால் சுவருக்குள் ஓடிவிடும், உடனே ஒட்டுநாடாவால் சுவரோடு ஒட்டிவிட வேண்டும் என்று படித்திருந்தேன். ஒட்டுநாடாவை எடுக்கக் கை நீட்டிய நேரத்தில் வெள்ளைக் கம்பி உள்ளே போய்விட்டது. ஊக்கு ஒன்றை வளைத்து அதை வெளியே இழுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. செங்கல் சுவரில் புதிய துளைகளுக்குக் கால் அங்குலக் கான்கிரீட் பிட் வாங்கினேன். செங்கல்லில் துளையிடாமல் இரண்டு செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தில் இட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. செங்கல்லில் இட்டதால் அதன் ஓரம் சில்லு பெயர்ந்தது. மணியின் அடித்தகடு அந்தக் காயத்தை மறைத்துவிட்டது, அது அதிர்ஷ்டம்.

பிறகு கூடத்துப் பெட்டி. வீடியோ மணிக்கு இரவும் பகலும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். வாசலுக்குப் போகும் கம்பி பெட்டியின் சுருளைத் தாண்டித்தான் போகிறது என்பதால், அந்த மின்சாரமும் சுருள் வழியாகவே போக நேரும். தண்டு சும்மா இருக்காமல் அதிரும். அதைத் தவிர்க்க, சுருளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பக்கவழியாக, இரண்டு குட்டைக் கம்பிகளோடு ஒரு கறுப்புத் துண்டு மணியோடு சேர்ந்தே வருகிறது. பெட்டியில் மூன்று திருகுகள்: டிரான்ஸ்ஃபார்மருக்கு ‘டி’, முன்வாசலுக்கு ‘எஃப்’, பின்வாசலுக்கு ‘ஆர்’. கறுப்புத் துண்டை ‘டி’க்கும் ‘எஃப்’புக்கும் நடுவில் பொருத்தினேன். பொருத்தியதாக நினைத்தேன். இதற்குத் திரும்பி வருகிறேன்.

பெட்டி திறந்தே இருந்ததால் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். தண்டு கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோலத் தோன்றியது. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் டப்பாவை எடுத்து ஒரு முறை பீய்ச்சினேன். இதற்கும் திரும்பி வருகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் வேலை செய்தது. படம் தெளிவு, மணி ஒலித்தது, அம்மா கைதட்டினார். மாலை ஏழு மணி ஆகும்போது மணி இறந்திருந்தது. செயலியில் ‘இணைப்பு இல்லை’. காலையில் எழுந்து பார்த்தால் உயிரோடு இருக்கிறது!

இணைப்பு இல்லை என்றால் வைஃபைதானே? மாலையில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் வீடு திரும்பிப் படம் பார்க்க உட்காருகிறார்கள், அலைவரிசையில் நெரிசல் என்று ஒரு கதையை நானே கட்டிக்கொண்டேன். 38 டாலருக்கு வைஃபை நீட்டிப்புக் கருவி ஒன்று வாங்கி வாசலுக்குப் பக்கத்தில் செருகினேன். ரவுட்டரை அலமாரியின் உச்சிக்கு ஏற்றினேன். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. மணி தினமும் மாலையில் இறந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, எதற்கும் இருக்கட்டும் என்று 24 டாலருக்கு மல்டிமீட்டர் வாங்கினேன். பகல் பதினொரு மணிக்கு மணியைக் கழற்றி, இரண்டு கம்பிகளின் முனையிலும் மீட்டரை வைத்தேன். 18.2 வோல்ட் ஏசி. மணியின் கையேடு கேட்பது 16 முதல் 24. ஆக மின்சாரத்தில் குறை இல்லை, வைஃபையேதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்த முழுக் கதையிலும் பெரிய தப்பு இதுதான். எதையும் இழுக்காமல் சும்மா இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், தன்மேல் அச்சிட்டதைவிடக் கூடுதலாகவே காட்டும். சுமை தலையில் ஏறும்போது என்ன காட்டுகிறது என்பதே கேள்வி. நான் சுமையைக் கழற்றி வைத்துவிட்டு எடை பார்த்திருக்கிறேன்.

துப்பு இரண்டு இடங்களிலிருந்து வந்தது. மணி இறக்கும் நேரத்தை அந்த வாரம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளில் குறித்து வந்தேன். ஞாயிறு 6:58. திங்கள் 6:56. செவ்வாய் 6:55. புதன் 6:53. வியாழன் 6:52. வெள்ளிக்கிழமை இறக்கவே இல்லை. சனி 6:48. அக்கம்பக்கத்தார் தினமும் ஒன்றிரண்டு நிமிடம் முன்னதாகவா படம் பார்க்க உட்காருவார்கள்? அக்டோபரில் இங்கே அந்த வேகத்தில் முன்னேறுவது ஒன்றே ஒன்று: சூரியன் மறையும் நேரம்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை? அதற்கு விடை அம்மாவிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வாசல் இருட்டாக இருக்கக் கூடாது என்று ஆறரைக்கே வாசல் பல்பைப் போட்டிருக்கிறார். மற்ற நாட்களில் மின்சாரம் வீணாகிறது என்று போடுவதில்லை. வாசலில் வெளிச்சம் இருந்தால் மணியின் கேமராவுக்கு அகச்சிவப்பு விளக்குகள் தேவையில்லை. இருட்டினால் அவை எரியத் தொடங்கும். கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். வரும் மின்சாரம் அதற்குப் போதாது. மணிக்குள்ளே இருக்கும் சின்னச் சேமிப்பு தீர்ந்ததும் மூச்சு நிற்கும். வைஃபைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீட்டிப்புக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது துப்பையும் அம்மாவே தந்தார். “சுவருக்குள்ளே வண்டு ஏதாவது புகுந்திருக்கிறதாடி? விடிகாலையில் காபி போடும்போது ‘ங்ங்ங்’ என்று கேட்கிறது,” என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். வண்டு சுருளுக்குள் இருந்தது. தண்டு மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கவழித் துண்டு இருந்தும் ஏன் அதிர வேண்டும் என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் மோசமானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் சனிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மரைத் தேடும் படலம். மின்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் என்பார்கள், இல்லை. வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் பார்த்தேன், இல்லை. கடைசியில் பேஸ்மென்ட் கூரையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு நேர் மேலே, இரண்டு மர உத்திரங்களுக்கு நடுவில், நூலாம்படைக்குள் கிடைத்தது. யாரோ கூரைக்கு வெள்ளையடித்தபோது அதற்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். நகத்தால் சுரண்டியதும் எழுத்து தெரிந்தது: 16 வோல்ட், 10 வோல்ட்-ஆம்பியர். வோல்ட்-ஆம்பியர் என்பது அது எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதன் அளவு. கையேடு குறைந்தபட்சமாகக் கேட்பதும் அந்தப் பத்துதான். காகிதத்தில் தேறுகிறது. ஆனால் ஐம்பது வயதுப் பத்து.

இம்முறை சுமையோடு அளந்தேன். முதலைவாய்க் கிளிப்புகளை டிரான்ஸ்ஃபார்மரின் 16 வோல்ட் பக்கத் திருகுகளில் மாட்டி, மீட்டரை உலர்த்தியின் தலையில் வைத்தேன். உத்திரத்தில் ஒரு பழைய கைபேசியைச் சாய்த்து மீட்டரின் முகத்தைப் படம்பிடிக்க விட்டேன். பகலில் 16.3. இருட்டி அகச்சிவப்பு எரிந்ததும் 13.1. மேலே மகன் மணியை அழுத்தியபோது 9.4 வரை விழுந்தது. அந்தக் காட்சியைக் கைபேசியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எண்கள் படியிறங்குவதுபோல இறங்கி, மணி இறந்ததும் சட்டென்று 18-க்கு ஏறி நிற்கின்றன. சுமையைக் கீழே போட்டவனுக்கு முதுகு நிமிரும் அல்லவா, அப்படி.

மறுநாள் புதியது வாங்கினேன்: 16 வோல்ட், 30 வோல்ட்-ஆம்பியர், 21 டாலர். பக்கத்திலேயே 24 வோல்ட்டும் இருந்தது. மணி 24-ஐத் தாங்கும். ஆனால் கூடத்துப் பெட்டியின் உள்மூடியில் 16 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. வோல்ட்டைக் கூட்டினால் சுருள் சூடாகும். வோல்ட்-ஆம்பியரைக் கூட்டினால் எதற்கும் கேடில்லை. தேவைப்பட்டபோது மட்டும் இழுத்துக்கொள்ளும். கடையில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

120 வோல்ட் பக்கம் கை வைக்கும் முன் பிரேக்கரை அணைக்க வேண்டும். எந்தப் பிரேக்கர்? மின்பெட்டியில் முந்தைய உரிமையாளர் பென்சிலால் எழுதிய பெயர்களில் பாதி பொய். மகனை மீட்டருக்குக் காவல் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அணைத்தேன். “இன்னும் பதினெட்டு, அம்மா!” ... “பதினெட்டு!” ... “பாட்டி டிவி நின்றுபோய்விட்டது என்று கத்துகிறார்!” ... பதினான்காவது பிரேக்கரில் “பூஜ்யம்!” அதன்மேல் எழுதியிருந்தது ‘உணவறை’. மணி என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் சோதனைப் பேனாவை முதலில் உயிருள்ள பிளக் ஒன்றில் வைத்து அது கத்துகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு இங்கே வைத்தேன். மௌனம்.

இன்னொன்றையும் பார்த்தேன். 1965-இலிருந்து 1973 வரை கட்டிய அமெரிக்க வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி ஓடுகிறது. அதோடு செம்பைச் சாதாரண வயர் நட்டால் (கம்பி முனைகளைப் பிணைக்கும் சிறு மூடி) முறுக்கி இணைப்பது தீ விபத்துக்கு வழி. என் வீடு அந்தக் காலத்தது. ஜங்ஷன் பாக்ஸின் மூடியைக் கழற்றியபோது உள்ளே பழுப்புச் செம்பைக் கண்டதும் நிம்மதியாக இருந்தது. வெள்ளியாக மின்னியிருந்தால் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைத்திருப்பேன். ஒருவர் தொலைபேசியிலேயே 180 டாலர் சொல்லியிருந்தார்.

பழையதைப் பிடித்திருந்த நட்டு, வெள்ளையடித்த சுண்ணத்தில் இறுகிக் கிடந்தது. பெரிய இடுக்கியால் கால் மணி நேரம் போராடியபின் அசைந்தது. அதற்குப் பிறகு பத்தே நிமிடம்: கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, பச்சையை வெறும் செம்பு எர்த்தோடு, மூன்று வயர் நட், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தல். மூடியை மாட்டிவிட்டுப் பிரேக்கரைப் போட்டேன். சும்மா இருக்கையில் 18.6. மணியோடு, பகலில் 17.8. இருட்டியபின் 17.2. அழுத்தும்போது 15.3. அன்று இரவு மணி சாகவில்லை.

ஆனால் வண்டு பெரிதாகிவிட்டது. மறுநாள் காலை அம்மா, “இப்போது அது குளவி,” என்றார். தவிர, அழுத்தினால் ‘டிங்’ மட்டும் வந்தது.

நான்காம் சனிக்கிழமை, அதாவது நேற்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திருகுகளுக்குப் பக்கத்தில் தகட்டில் எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். ஐம்பது வருடத் தூசி அவற்றில் படிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன். நான் ‘எஃப்’ என்று படித்திருந்தது ‘ஆர்’. ஆங்கில ‘ஆர்’ எழுத்தின் வளைவையும் காலையும் தூசி மூடியிருந்தது. பக்கவழித் துண்டு மூன்று வாரமாகப் பின்வாசல் சுருளுக்குத் துணையாக இருந்திருக்கிறது. முன்வாசல் சுருள் மொத்த மின்சாரத்தையும் தன் மேலேயே வாங்கிக்கொண்டு முனகியிருக்கிறது. திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, கம்பியை மாற்றி, இறுக்கினேன். முனகல் நின்றது. அவ்வளவுதான், முப்பது நொடி வேலை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். துண்டை முதல் நாளே சரியாகப் பொருத்தியிருந்தால் பழைய டிரான்ஸ்ஃபார்மரோடே இரவைக் கடந்திருக்குமா? சுருள் வழியாகப் போனதால் மணிக்கு இன்னும் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். ஆகவே அந்தத் தப்புக்கும் பங்கு உண்டு. பழையதைத் திரும்ப மாட்டிச் சோதிக்க எனக்குப் பொறுமை இல்லை. அழுத்தும்போது 9.4-க்கு விழுகிற ஒன்று எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

‘டாங்’ இன்னும் வரவில்லை. தண்டை விரலால் தள்ளிப் பார்த்தேன். போயிற்று, திரும்பவில்லை. முதல் சனிக்கிழமை நான் பீய்ச்சிய எண்ணெய், குழாய்க்குள் இருந்த பழைய தூசியோடு சேர்ந்து மசியாகியிருந்தது. ஸ்பிரிங்குக்கு அதை மீறித் தள்ளச் சக்தியில்லை. தண்டை உருவி வெளியே எடுத்தேன். எண்ணெய்த் திரி போல இருந்தது. 91 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்து, பிரேக்கரை அணைத்துவிட்டு, குழாயின் உட்புறத்தைத் துடைத்தேன். முதல் பஞ்சு கறுப்பு. ஆறாவது பழுப்பு. பதினோராவது வெள்ளையாகவே வந்தது. தண்டையும் துடைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லாமல் திரும்பச் செருகினேன். சாய்த்தால் தன் எடையிலேயே வழுக்கியது. இந்தத் தண்டு உலர்வாக ஓட வேண்டிய பொருள்.

செலவு: டிரான்ஸ்ஃபார்மர் 21, மல்டிமீட்டர் 24, கிளிப்புகள் 6, பிட் 7, வயர் நட் 4, ஆல்கஹால் 3, ஆக மணியின் விலையைச் சேர்க்காமல் 65 டாலர். சோதனைப் பேனா ஏற்கெனவே வீட்டில் இருந்தது. நீட்டிப்புக் கருவியின் 38 திரும்ப வந்துவிட்டது. அதற்கு அலைந்த பெட்ரோல் வரவில்லை.

திரும்பச் செய்வதாக இருந்தால் மணியின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன்பே டிரான்ஸ்ஃபார்மரைத் தேடிப் போய் அதன் நெற்றியைப் படிப்பேன். பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் எழுத்தைப் படிப்பேன். ஒரே நாளில் மூன்று காரியம் செய்யமாட்டேன். எண்ணெய், துண்டு, மணி மூன்றையும் ஒன்றாகச் செய்ததால் எந்தக் குறை எதனால் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கம். நேற்று எல்லாம் முடிந்தபின் செயலியைக் குடைந்துகொண்டிருந்தேன். அமைப்புகளுக்குள், நான்கு திரைகளுக்கு அப்பால், மணிக்கு வரும் மின்னழுத்தத்தைக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. இப்போது பச்சையில் ‘நன்று’ என்கிறது. கீழே பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தால், முதல் சனிக்கிழமை மதியத்திலிருந்தே சிவப்பில் ‘மிகக் குறைவு’ என்று அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பின்வாசல் பொத்தானையும் அழுத்திப் பார்த்துவிட்டேன். அதற்கு எப்போதும்போல ஒற்றை ‘டிங்’. அந்த நேரம் முன்வாசல் கேமராவின் படம் துடிக்கவில்லை, அணையவில்லை. சுமை இரண்டையும் தாங்குகிறது.

அம்மா நவம்பர் நடுவில் ஊருக்குப் போகிறார். இதே மாதிரி ஒன்றைக் கும்பகோணத்து வீட்டுக்கும் வாங்கிக்கொண்டு போகலாமா என்று இரவு சாப்பிடும்போது கேட்டார். இதே மாதிரி கூடாது என்றேன். அங்கே காலிங் பெல்லுக்கு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது முழு 230 வோல்ட். 24 வோல்ட் தாங்கும் பொருளை அந்தக் கம்பியில் மாட்டினால் கருகிப்போகும்; மாட்டுகிற கைக்கும் ஆபத்து. பேட்டரியில் ஓடும் வகையும், உள்ளே பிளக்கில் செருகும் தனி ஒலிப்பெட்டியும் வாங்கித் தருகிறேன் என்றேன். “அது டிங் டாங் என்று அடிக்குமா?” என்றார். அடிக்கும், ஆனால் ஸ்பீக்கர் வழியாக என்றேன். அப்படியானால் பழைய பெல்லே இருக்கட்டும் என்றார்.